பீரங்கியும் பெருமூச்சும்

ருஷ்ய நாட்டுச் சங்கீத மேதை சைகோவ்ஸ்கி 1880-ஆம் ஆண்டில் ஒரு வெற்றி விழா இசையை எழுதினார். 1812-இல் நெப்போலியன் மாஸ்கோ வரையில் படையெடுத்து வந்து, பனியிலும் பசியிலும் முறிந்து திரும்பியதைக் கொண்டாடும் இசை அது. இருக்கிற வாத்தியங்கள் போதாதென்று அதில் கோயில் மணிகளையும் நிஜமான பீரங்கிகளையும் சேர்த்தார். பீரங்கி எந்த இடத்தில் வெடிக்க வேண்டும் என்பதைக்கூட, முரசின் அடியைக் குறிப்பதுபோல் ஸ்வரத் தாளிலேயே குறித்து வைத்தார். மொத்தம் 16 வெடிகள். ஜனங்களுக்கு அந்த இசை மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் எழுதியவருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் இல்லை. எழுதிய காலத்திலேயே, ஒரே ஆரவாரமாக இருக்கும், உள்ளன்போடு எழுதவில்லை என்று தம்மை ஆதரித்து வந்த சீமாட்டிக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

பதின்மூன்று வருஷங்கள் கழித்து, 1893-இல், அதே கையால் தமது ஆறாவது சிம்பொனியை எழுதினார். அதன் முதல் பகுதியில் ஓர் இடம் வருகிறது. ஒரு கிளாரினெட் தனியாக இறங்கி இறங்கிப் போய், தன் கடைசி நான்கு ஸ்வரங்களைப் பாஸூன் என்ற நீண்ட மரக்குழலிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் சன்னமாக வாசிக்க வேண்டிய இடத்துக்குப் 'பி' என்று ஓர் எழுத்துப் போடுவது வழக்கம். இன்னும் சன்னம் என்றால் இரண்டு 'பி'. மூன்று போட்டால் மூச்சுவிடுவதுபோல் வாசிக்க வேண்டும் என்று பொருள். சைகோவ்ஸ்கி இந்த இடத்தில் ஆறு 'பி' போட்டிருக்கிறார்! அவ்வளவு சன்னமாக ஊதப் பாஸூனால் முடியாது என்று, பல கோஷ்டிகளில் அந்த நான்கு ஸ்வரங்களைப் பாஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுவது உண்டு. அந்தப் பெருமூச்சு அடங்கிய மறுகணம் கோஷ்டி முழுவதும் இடிபோல் வந்து விழுகிறது.

அவ்வாண்டு அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் சைகோவ்ஸ்கியே நின்று அந்த சிம்பொனியை நடத்தினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

ஒரே மனிதர் எழுதியவைதாம், பீரங்கியும் பெருமூச்சும். சங்கீதத்தைப் பிடித்து வைத்து மறுபடி கேட்கச் செய்யும் யந்திரத்துக்கு இவ்விரண்டில் எது கஷ்டம்? யாரைக் கேட்டாலும் பீரங்கி என்றுதான் சொல்வார்கள். யந்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது.

*

சைகோவ்ஸ்கி அந்த யந்திரத்தை அறியாதவர் அல்லர். 1890 ஜனவரியில் மாஸ்கோவில் ஜூலியஸ் பிளாக் என்பவர் எடிஸனின் போனோகிராப் முன்னால் சில சங்கீதக்காரர்களைக் கூட்டிவைத்து வேடிக்கையாகப் பேசச் செய்தார். அந்த மெழுகு உருளை இன்றும் இருக்கிறது. சைகோவ்ஸ்கியின் குரல் என்று சொல்லப்படும் குரலும், அவருடைய சீட்டியடிப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் மழை பெய்யும்போது ஓட்டுக்கூரைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோலத்தான் கேட்கும்.

அந்த மழைதான் பழைய ஒலிப்பதிவு அனைத்துக்கும் சாபம். தட்டின் பள்ளத்தில் ஊசி உராய்கிறபோது ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அதைவிடச் சன்னமான எதுவும் அதில் மூழ்கிப்போகும். சப்தம் அளவுக்கு மீறினாலோ ஊசி பள்ளத்தைவிட்டே துள்ளிவிடும். கீழே இரைச்சல், மேலே துள்ளல். சங்கீதம் நடுவில் குடித்தனம் நடத்த வேண்டும். ஆகவே ஒலிப்பதிவு நிபுணர், வாத்தியங்கள் தணியும்போது குமிழைச் சற்றே திருப்பி ஏற்றுவார்; முழங்கும்போது இறக்குவார். ஆறு 'பி' எழுதியிருந்தாலும் தட்டுக்கு வந்து சேரும்போது அது மூன்றாகிவிடும். சங்கீதம் கேட்கிற பழக்கமே அந்தக் குமிழுக்குத் தகுந்தபடி அமைந்துவிட்டது.

*

இந்தச் சாபத்துக்கு விமோசனம் டெலிபோன் துறையிலிருந்து வந்தது. 1937-ஆம் ஆண்டு, பாரிஸில் வேலை பார்த்துவந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய இன்ஜினீயருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. தூர தேசத்துக்கு டெலிபோனில் பேச்சை அனுப்பினால் வழி நெடுக இரைச்சல் சேர்ந்துகொண்டே போகிறது. பேச்சை ஏன் அனுப்ப வேண்டும்? அந்த ஒலி அலையின் உயரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, அளவுகளை மட்டும் எண்களாக அனுப்பினால் என்ன? எழுத்து கொஞ்சம் மசி படிந்திருந்தாலும், படிக்க முடிகிற வரையில் கடிதத்தின் விஷயம் கெடுவதில்லை அல்லவா? அதுபோல எண் அழியாத வரையில் ஒலியும் அழியாது.

யோசனை அருமையானதுதான். ஆனால் அந்நாளைய வால்வுகளைக் கொண்டு அதைச் செய்வது யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியம். யுத்தம் வந்த பிறகு அந்த யானையையும் கட்டினார்கள். 1943-இல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே தலைவர்கள் ரகசியம் பேசுவதற்காக 'சிக்ஸாலி' என்று ஒரு யந்திரம் அமைத்தார்கள். ஒரு முனையில் இருந்த யந்திரத்தின் எடை மட்டும் 50 டன்னுக்கு மேல். பேச்சின் தன்மைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆறே படிகளில் அளந்து எண்ணாக்கினார்கள். அந்த எண்களோடு வேறு எண்களைக் கலந்து பூட்டினார்கள். பூட்டுக்கான எண்களை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? வெறும் இரைச்சலைக் கிராமபோன் தட்டில் பதிந்து, அதிலிருந்து எடுத்தார்கள். இரு முனைகளிலும் ஒரே மாதிரித் தட்டு சுழலும். பேச்சு முடிந்தபின் தட்டை அழித்துவிடுவார்கள். இந்த இரைச்சலை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே இரைச்சல் இன்னொரு வேஷத்தில் பின்னால் வரப்போகிறது.

*

எண்ணை மறுபடி ஒலியாக்குகிற கருவிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். மாற்றி என்று சொல்லலாம். அது வேலை செய்கிற விதத்தைப் புரிந்துகொள்ள நகைக்கடைத் தராசை நினைத்தால் போதும்.

கடைக்காரரிடம் 16 எடைக்கற்கள் இருக்கின்றன. முதல் கல் ஒரு குன்றிமணி எடை, அடுத்தது இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. கடைசிக் கல் 32,768 குன்றிமணி. இந்த 16 கற்களை மாற்றி மாற்றி வைத்தே பூஜ்யத்திலிருந்து 65,535 வரையில் எந்த எடையையும் நிறுத்துவிடலாம். விஞ்ஞானிகள் ஒவ்வொரு கல்லையும் ஒரு 'பிட்' என்கிறார்கள். கல்லுக்குப் பதில் மின்சாரத்தை வைத்துக்கொண்டால் அதுதான் கன்வெர்ட்டர். ஒரு வினாடியில் 44,100 தடவை அது கற்களை வைத்தும் எடுத்தும் சங்கீதத்தை நிறுக்கிறது.

இனிமேல்தான் விசித்திரம். ஒலி அலை மேலும் கீழுமாக ஆடுவது. ஆகையால் நிசப்தத்தின் இடம் தராசின் நடுவில், அதாவது 32,768-இல். பெரிய கல் ஒன்றை மட்டும் வைத்தால் நிசப்தம். அதற்கு ஒரு குன்றிமணி கீழே போக வேண்டுமானால், பெரிய கல்லை எடுத்துவிட்டு மீதி 15 கற்களையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்தப் பெரிய கல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வியாபாரியும் அதைக் குற்றமாகச் சொல்லமாட்டான். ஆனாலும் அது மூன்று குன்றிமணிக்கு மேல் ஆகிறது. பீரங்கி வெடிக்கும்போது தராசு அறுபதினாயிரம் குன்றிமணி ஆடுகிறது. அதில் மூன்று போனால் யாருக்குத் தெரியும்? பெருமூச்சு விடும்போது தராசு ஆடுவதே ஆறு குன்றிமணிதான். அதில் மூன்று போனால் பாதி போயிற்று. போதாக்குறைக்கு, பெருமூச்சு இருக்கும் இடமே அந்த நடு இடம். ஒவ்வோர் அசைவிலும் அது பெரிய கல்லைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

ஆக, கன்வெர்ட்டரின் குற்றம் எல்லாச் சங்கீதத்தையும் ஒரே மாதிரி தண்டிப்பதில்லை. மின்சாரக் கிதாரும் டிரம்மும் ஓயாமல் முழங்குகிற பாட்டில் அந்தக் குற்றம் ஒளிந்துகொள்ளும். தனிப் பியானோவின் ஒரு ஸ்வரம் தேய்ந்து மறைகிற இடத்திலும், கல் கட்டிய மாதாகோயிலில் பாடகர்கள் பாடி நிறுத்தியபின் எதிரொலி அடங்குகிற இடத்திலும் அது முகத்தைக் காட்டிவிடும். பழைய இரைச்சலாவது சங்கீதத்துக்குப் பின்னால், வேறு ஆளாக நின்றது. இந்தக் குற்றம் நாதத்தோடு ஒட்டிக்கொண்டு, சோற்றில் மணல்போல நெருடுவது.

*

ஜப்பானிய வானொலி நிலையமான என்.எச்.கே.யின் ஆராய்ச்சிசாலையில் 1967-இல் எண் முறையில் ஒலிப்பதிவு செய்யும் யந்திரத்தைச் செய்து காட்டினார்கள். 1972-இல் டெனான் கம்பெனியார் தங்கள் யந்திரத்தைக் கொண்டு டோக்கியோவில் ஸ்மெடானா நால்வர் குழு வாசித்த மொஸார்ட் இசையைப் பதிந்தார்கள். அதில் இருந்தவை 13 கற்கள்.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தொடங்கியவர் யூட்டா சர்வகலாசாலைப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம். நிக்ஸன் ஜனாதிபதியாக இருந்தபோது, வாட்டர்கேட் விவகாரத்தில் ஓர் ஒலிநாடாவில் 18½ நிமிஷ நேரம் பேச்சே இல்லாமல் வெறும் ரீங்காரமாக இருந்தது அல்லவா? அது தானாக நேர்ந்ததா, அழிக்கப்பட்டதா என்று ஆராய்ந்து, பல தடவை நிறுத்தி நிறுத்தி அழித்திருக்கிறார்கள் என்று 1974-இல் சொன்ன நிபுணர் குழுவில் அவரும் ஒருவர். சப்தமில்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கப் பழகியவர். தாம் ஆரம்பித்த ஸவுண்ட்ஸ்ட்ரீம் கம்பெனியில் 16 கற்கள் கொண்ட யந்திரத்தை அவர் செய்தார்.

அந்த யந்திரத்துக்கு உலகப் புகழ் வந்ததோ பீரங்கியால்தான்! 1978-இல் டெலார்க் என்ற கம்பெனி அதைக் கொண்டு சின்சினாட்டி வாத்தியக் கோஷ்டியின் 1812 இசையை நிஜப் பீரங்கிகளோடு பதிந்தது. அப்போது சி.டி. இல்லை, எண்ணில் பதிந்ததைப் பழையபடி பள்ளத் தட்டில்தான் இறக்க வேண்டும். பீரங்கி வெடித்த இடங்களில் பள்ளம் வளைந்து நெளிவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஊசிகள் துள்ளி விழுந்தன. முதலில் ஒலியைக் குறைத்துவைத்துக் கேளுங்கள் என்று உறையில் எச்சரிக்கை போட்டார்கள். அது ஒன்றே போதாதா, ஜனங்கள் வாங்க? புதிய முறையின் பெருமையை எல்லோரும் வெடிச் சத்தத்தால் அளந்தார்கள். பெருமூச்சைக் கொண்டு அளந்தவர்கள் மிகச் சிலர்.

*

அந்தச் சிலருடைய அளவுகோலுக்கும் ஒரு காலம் வந்தது. 1979 மார்ச்சில் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் ஐந்தோவன் நகரில் ஒளியால் படிக்கப்படும் சிறிய தட்டு ஒன்றைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். பிறகு ஜப்பானின் சோனி கம்பெனியாரோடு கூட்டுச் சேர்ந்தார்கள். சோனியின் தலைவர்களில் ஒருவரான நோரியோ ஓகா, மேல்நாட்டு முறையில் முறையாகப் பாடப் பயின்றவர். என்.எச்.கே.யில் முதல் யந்திரத்தைச் செய்த நகாஜிமாவும் அப்போது சோனியில் இருந்தார்.

தட்டுக்கு எத்தனை கற்கள் என்ற கேள்வி வந்தது. பிலிப்ஸ் 14 என்றது. சோனி 16 என்றது. இரண்டு கல் அதிகம் வைத்தால் பீரங்கி ஒன்றும் அதிகமாக வெடித்துவிடாது. ஆனால் தராசின் மிகச் சிறிய படி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே அந்த இரண்டு கற்களும் முழுக்க முழுக்கச் சன்னமான ஒலிக்காக வைக்கப்பட்டவை. 1980-இல் 16 என்று முடிவாயிற்று. வினாடிக்கு 44,100 என்ற எண்ணிக்கைக்கு இசையோடு சம்பந்தமே இல்லை. அந்நாளில் எண்களைப் பதிய வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். டெலிவிஷன் படத்தின் கோடுகளுக்குள் அடங்கியது அந்த எண்ணிக்கை.

பிலிப்ஸிடம் 14 கல் கன்வெர்ட்டர் தயாராக இருந்தது. அதைச் செய்த வான் டெ பிளாஸ்ஷ என்ற இன்ஜினீயர் கெட்டிக்காரர். எந்தக் கல்லையும் துல்லியமாகச் செதுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, கற்களை வேகமாக ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் குறைகள் சராசரியில் கரைந்துவிடும் என்று கண்டார். இப்போது அதை வீசி எறிய முடியுமா? அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கால் குன்றிமணிக் கல் இல்லாத கடைக்காரர் என்ன செய்வார்? நான்கு தடவை நிறுப்பார். மூன்று தடவை ஒன்றும் வைக்காமல் ஒரு தடவை மட்டும் ஒரு குன்றிமணி வைப்பார். சராசரி கால் குன்றிமணி! அதுபோல் நான்கு மடங்கு வேகத்தில் நிறுத்து, ஒரு தடவை விட்ட பிழையை அடுத்த தடவைக் கணக்கில் சேர்த்து, 14 கற்களைக் கொண்டே 16-இன் பலனை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய பிழை காதுக்கு எட்டாத மேல் சுருதிக்குத் தள்ளப்பட்டது.

சோனியின் முதல் யந்திரம் 1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அதில் 16 கற்களும் நிஜமாகவே இருந்தன. ஆனால் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே தராசு! இடது காதுக்கு ஒரு தடவை, வலது காதுக்கு ஒரு தடவை என்று மாறி மாறி நிறுத்ததால், ஒரு காதுக்கு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தாமதம் ஏற்பட்டது. ஆக, ஒரே தட்டை வாசிக்க இரண்டு கம்பெனிகளிடமிருந்து இரண்டு விதமான மாற்றிகள் வந்து சேர்ந்தன. ரசிகர்களும் இரண்டு கட்சியானார்கள். பியானோ ரசிகர்களில் பலர் ஆனந்தப்பட்டார்கள். தட்டும் நாடாவும் வேகம் மாறுவதால் நீண்ட ஸ்வரங்கள் நடுங்குகிற தொல்லை அடியோடு ஒழிந்துவிட்டது. பிடில்களின் கூட்டிசையைக் கேட்டவர்களிலோ சிலர் கண்ணாடித்தூள் கலந்ததுபோல் இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். அந்தப் பழி முழுவதையும் கன்வெர்ட்டர் தலையில் போடுவது நியாயமல்ல. பள்ளத் தட்டின் மந்தத்தைச் சரிக்கட்டுவதற்காகக் கூர்மையாக்கிப் பதிந்த பழைய நாடாக்களை அப்படியே புதுத் தட்டில் இறக்கியதும் ஒரு காரணம்.

*

இப்போது அந்த இரைச்சல் வருகிறது.

தராசு எவ்வளவு உத்தமமானதாக இருந்தாலும் ஒரு குன்றிமணிக்குக் குறைந்ததை அதனால் நிறுக்க முடியாது. ஒரு சிட்டிகைக் குங்குமப்பூ வைக்கிறோம். அதன் எடை 0.4 குன்றிமணி. தராசு பூஜ்யம் என்கிறது. ஆயிரம் தடவை நிறுத்தாலும் பூஜ்யம்தான். ஆனால் ஒரு குறும்புக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து தராசை இலேசாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். இப்போது சில சமயம் பூஜ்யம், சில சமயம் ஒன்று என்று காட்டும். தக்க அளவில் ஆட்டினால் பத்தில் நான்கு தடவை ஒன்று காட்டும். சராசரி 0.4! தராசுக்கு எட்டாத எடை, தராசை ஆட்டியதால் அகப்பட்டுவிட்டது.

அந்தக் குழந்தைதான் இரைச்சல். எண்ணாக மாற்றுவதற்கு முன்னால் ஒலியோடு துளி இரைச்சலைக் கலந்துவிட்டால், மிகச் சிறிய படிக்கும் கீழே உள்ள நாதம்கூட உருக்குலையாமல் அந்த இரைச்சலுக்கு அடியில் கேட்கும். நெருடுகிற மணல் போய், இலேசான பனிமூட்டம் மட்டும் மிஞ்சும். படங்களை எண்ணாக்குவதற்கு இந்த உபாயத்தை அமெரிக்காவில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1962-இல் எழுதினார். சங்கீதத்துக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைக் கானடாவின் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த வாண்டர்கூய், லிப்ஷிட்ஸ் என்ற இருவர் 1984-இல் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். அரை நூற்றாண்டுக் காலம் இரைச்சலை விரட்டத் தடியோடு அலைந்தவர்கள், கடைசியில் அதில் ஒரு சிட்டிகையை வரவேற்று உள்ளே அழைத்து வந்தார்கள்!

1980-களின் முடிவில் இன்னொரு புரட்சி. பல கற்கள் இருந்தால்தானே ஒன்றுக்கொன்று பொருந்தாத தொல்லை? ஒரே கல்லை வைத்துக்கொண்டு, அதையே மின்னல் வேகத்தில் வைத்து எடுத்தால் என்ன? பிலிப்ஸும் ஜப்பானியரும் ஒரு பிட் கன்வெர்ட்டர்களைக் கொண்டு வந்தார்கள். 1999-இல் வெளிவந்த சூப்பர் ஆடியோ சி.டி. என்ற தட்டில் அந்த ஒரே கல் வினாடிக்கு 28,22,400 தடவை வேலை செய்தது. இதற்கு மேலும் நுட்பம் வேண்டுமா?

வேண்டுமா என்று சிலர் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அந்த நுட்பமான தட்டை நேராகவும், அதையே பழைய சி.டி.யின் 16 கல் தராசு வழியாகச் செலுத்தியும், எது எது என்று சொல்லாமல் பலரைக் கேட்கச் செய்தார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: ஒலியை அளவுக்கு மீறி ஏற்றிவைத்து, சங்கீதம் அடங்கிய நிசப்தத்தைக் கேட்டபோது பழைய தராசின் இரைச்சல் இலேசாகத் தெரிந்தது. அங்கேயும் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது நிசப்தம்தான்.

*

பெருமூச்சுக்கு இடம் கிடைத்தாயிற்று. குடியேற ஆள் வந்ததா?

சரித்திரம் இந்த இடத்தில் ஒரு கேலி செய்தது. மெல்லொலிக்கென்று அரும்பாடுபட்டுத் தேடிய இடத்தை யாரும் உபயோகிக்கவில்லை. தன் பாட்டு மற்றவன் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், 1990-களிலிருந்து தயாரிப்பாளர்கள் எல்லாவற்றையும் தராசின் உச்சிக்கே ஏற்றி நசுக்கினார்கள். 2008-இல் மெட்டாலிகா என்ற ராக் கோஷ்டியின் 'டெத் மேக்னெடிக்' வெளிவந்தபோது அதன் ரசிகர்களே கலகம் செய்தார்கள். அதே பாட்டுக்கள் ஒரு வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் வந்திருந்தன. தட்டை மறுபடி சரியாகச் செய்து தாருங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு மனுப் போட்டார்கள். உரத்த சங்கீதத்தின் ரசிகர்களுக்கும் சன்னம் வேண்டியிருக்கிறது. மேடு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் பள்ளம் இருக்க வேண்டும் அல்லவா? பிறகு 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம், உச்ச ஒலியை விட்டுவிட்டு, மொத்தத்தில் காதுக்கு எவ்வளவு உரப்பாகப் படுகிறது என்பதை அளந்து சமப்படுத்தும் விதியைச் சிபாரிசு செய்தது. இணையத்தில் பாட்டு வழங்குகிறவர்களில் பலரும் அவ்வாறு சமப்படுத்துகிறார்கள். கத்துகிறவனுக்குக் கிடைத்துவந்த லாபம் சற்றே குறைந்திருக்கிறது.

இன்று சட்டைப்பையில் இருக்கும் டெலிபோனில், அரிசி மணியளவு இடத்தில் இருக்கிற கன்வெர்ட்டர், 1982-இல் செல்வந்தர்கள் மட்டும் வாங்கிய தராசுக்குச் சளைத்ததல்ல. ஆறு 'பி' போட்ட நான்கு ஸ்வரங்களும் அதன் வழியாகப் பழுதில்லாமல் வரும். ஆனால் பஸ்ஸிலும் தெருவிலும் அவை நம் காதுக்கு எட்டாது. எட்டவில்லையே என்று ஒலியை ஏற்றுவோம், அடுத்த கணம் கோஷ்டியின் இடி காதைப் பிளக்கும், உடனே இறக்குவோம். பழைய ஒலிப்பதிவு நிபுணரின் குமிழ் இப்போது நம் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு யந்திரத்தில் மருந்து இல்லை. ஊர் அடங்கிய பிறகு ஒரு நாள் அந்த ஆறாவது சிம்பொனியை வைத்துப் பாருங்கள். இடி விழும் இடத்தை முதலில் கேட்டு, அது வீட்டாரை எழுப்பாத அளவுக்கு ஒலியை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள், குமிழைத் தொடாதீர்கள். கிளாரினெட் இறங்கி வரும். அதன்பின் அந்த நான்கு ஸ்வரங்கள். கேட்கிறதா இல்லையா என்று நீங்கள் சற்றே முன்னால் சாய்ந்து, மூச்சையும் நிறுத்திக்கொள்வீர்கள். சைகோவ்ஸ்கி ஆறு 'பி' போட்டது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.